1,200 கலோரி: அந்த எண் யாருடையது?

திருச்சியில் இருக்கும் என் அக்கா போன ஜூன் மாதம் போனில் எடைக் குறைப்புச் செயலி ஒன்றை இறக்கினாள். வயது 38, உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ, வாரத்துக்கு ஒரு கிலோ குறைய வேண்டும் என்று தட்டினாள். நாளைக்கு 1,200 கலோரி என்று பதில் வந்தது. அவளுடைய அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு வயது 27, அக்காவைவிட அரைச் சாண் உயரம், எடை 84. அதே செயலி, அதே ஆசை. அவளுக்கும் 1,200.

"டேய், ரெண்டு பேருக்கும் எப்படிடா ஒரே கணக்கு வரும்? நானும் அவளும் ஒரே அளவு ஜாக்கெட்டா போடறோம்?" என்று போன் செய்தாள்.

நியாயமான கேள்விதான். விடை ரொம்பச் சின்னது. உடம்பின் ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு கிலோ கரைய நாளொன்றுக்கு 1,100 கலோரி குறைய வேண்டும். உட்கார்ந்த வேலை என்று வைத்தால் அக்காவின் உடம்பு நாளைக்குச் செலவழிப்பது 1,600-ஐ ஒட்டி. அதில் 1,100 போனால் மிச்சம் 500. அந்த இளம்பெண்ணுக்குப் போட்டாலும் 800தான் வரும். 500 கலோரி சாப்பிடுங்கள் என்று எந்தச் செயலியும் சொல்லத் துணியாது. அதனால் பல செயலிகளில் பெண்களுக்கு 1,200 என்று ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். கணக்கு அதற்குக் கீழே போனால் வேலியில் முட்டி நின்றுவிடும். இருவருக்கும் வந்தது கணக்கே இல்லை, வேலி.

இந்த 1,200 நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. 1918-ல் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த மருத்துவர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் எடைக் குறைப்பு பற்றி எழுதிய புத்தகம் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. இனி ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்றார். எடை குறைய விரும்புகிறவர்களுக்கு அவர் சொன்ன அளவு 1,200. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. உணவை மிச்சம் பிடிப்பது தேசபக்தியாகவும் பார்க்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. எண் மட்டும் போகவில்லை. 2013-ல் அமெரிக்க இதயநோய், உடல்பருமன் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில்கூடப் பெண்களுக்கு 1,200 முதல் 1,500, ஆண்களுக்கு 1,500 முதல் 1,800 என்று இருக்கிறது. அதாவது 1,200 என்பது அந்த வீச்சின் அடித்தட்டு. அடித்தட்டையே இலக்காக எடுத்துக்கொண்டதுதான் செயலிகள் செய்த வேலை.

கலோரி என்று நாம் சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம். 1,200 கலோரி என்றால் பன்னிரண்டு லிட்டர், அதாவது ஒரு சின்னக் குடம் ஐஸ் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு. இதை உணவோடு கட்டிப்போட்டவர்களில் முக்கியமானவர் வில்பர் அட்வாட்டர், கனெக்டிகட் மாநிலத்தில் வேதியியல் பேராசிரியர். 1890-களில் மனிதனை நாள்கணக்கில் உள்ளே உட்கார வைத்து, அவன் உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அளக்கும் அறை ஒன்றைச் சக ஆய்வாளரோடு சேர்ந்து கட்டினார். உள்ளே போன சாப்பாடு, வெளியே வந்த கழிவு, மூச்சுக்காற்று எல்லாம் அளவு. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்றைக்கு எல்லா பாக்கெட்டின் முதுகிலும் இருக்கும் கணக்கு அவர் வழி வந்ததுதான். அது சராசரி என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். முழுப் பாதாமை 2012-ல் மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, 28 கிராமுக்கு 170 என்று அச்சாகியிருந்ததில் உடம்புக்குச் சேர்ந்தது 129தான். மிச்சம் சரியாக மெல்லப்படாமல் வெளியே போய்விட்டது.

உணவுப் பக்கம் இப்படி என்றால் உடம்புப் பக்கம் இன்னும் தளர்வு. சும்மா படுத்திருந்தாலே இதயமும் மூளையும் ஈரலும் எரிக்கும் அளவு ஒன்று இருக்கிறது. ஒரு நாள் செலவில் பெரும்பங்கு அதுதான். அதைக் கணிக்கச் செயலிகள் பெரும்பாலும் கையாளும் வாய்பாடு 1990-ல் அமெரிக்காவில் 498 பேரை அளந்து உருவானது. எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, ஆணானால் 5 கூட்டு, பெண்ணானால் 161 கழி. அக்காவுக்குப் போட்டால் 1,338.

அந்த 498 பேரில் திருச்சிக்காரர் எவரும் இல்லை. ஆள் மாறினால் கணக்கு மாறுமா? மாறும். 1985-ல் உலக சுகாதார நிறுவனம் முதலியவை ஏற்ற இன்னொரு வாய்பாட்டின் தரவில் ஏறக்குறைய பாதிப் பேர் இத்தாலியர்கள். அவர்களில் ராணுவ, போலீஸ் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் நிறையப் பேர். அந்த வாய்பாடு வெப்பநாட்டு மக்களுக்கு உள்ளதைவிட அதிகம் காட்டுகிறது என்பது பின்னால் தெரிந்தது.

நம் உடம்பின் கதையைச் சொல்ல இரண்டு டாக்டர்களின் புகைப்படம் போதும். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2. அதே எடையில் நம்மிடம் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. ஒரு கிலோ தசை சும்மா இருந்தே நாளைக்குச் சுமார் 13 கலோரி எரிக்கும்; கொழுப்பு நாலரைதான். நம்மூரில் 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் பருமன் என்று வரம்பைக் குறைத்து வைத்திருப்பதும் இதனால்தான்.

நம் உடம்புக்கென்று கணக்கு போடும் இடம் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது பிறந்தது நம் குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோய் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சிதான் வளர்ந்து 1958-ல் மலையிறங்கி ஐதராபாத் போனது. பீட்டர்ஸ் அமெரிக்காவில் எடையைக் குறைக்கச் சொன்ன அதே வருஷம், குன்னூரில் சத்துக் குறைவால் வரும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நிறுவனத்தின் 2020 அட்டவணைப்படி, 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்த வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1,660 கலோரி. 65 கிலோ ஆணுக்கு 2,110. இது எடை ஏறாமல் இறங்காமல் இருக்க. குறைக்க அல்ல.

அதே அட்டவணையில் மிதமான உழைப்புள்ள பெண்ணுக்கு 2,130 என்று போட்டிருக்கிறது. 470 வித்தியாசம். பலர் சறுக்கும் இடம் இதுதான். எல்லாச் செயலிகளும் ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பு? உட்கார்ந்த வேலை என்று அமுக்கினால் அக்காவின் 1,338-ஐ 1.2-ஆல் பெருக்கும், 1,605. மிதமான உழைப்பு என்று அமுக்கினால் 1.55-ஆல் பெருக்கும், 2,074. ஒரு பொத்தான் மாறி அமுக்கினால் 470 கலோரி எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும். நாளைக்கு ஐந்நூறு குறைக்கிறேன் என்று கிளம்பியவரின் குறைப்பு முழுதும் அந்தப் பொத்தானிலேயே கரைந்துபோகும். காலையில் எழுந்து சமைத்து, பஸ் பிடித்து, மாடி ஏறி, சாயங்காலம் துணி துவைக்கிற பெண் தன்னைச் சுறுசுறுப்பு இல்லாதவள் என்று எப்படி அமுக்குவாள்? அக்கா நடுப் பொத்தானைத்தான் அமுக்கப் போனாளாம். கூட இருந்த மகள் சிரித்ததால் கீழே இறங்கினாளாம்.

நடைப்பயிற்சியைக் கூட்டிக்கொள்வதும் இதே கதை. 72 கிலோ ஆள் முக்கால் மணி நேரம் நடந்தால் கூடுதலாகச் செலவாவது 150-லிருந்து 200 வரை. ஒரு வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை ஈடுகட்டிவிடும். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை 2012-ல் அளந்து பார்த்தபோது, அவர்கள் நாளைக்கு எரிப்பது, உடலளவு வித்தியாசத்தைக் கழித்துவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கர்கள் எரிக்கும் அளவை ஒட்டியே இருந்தது. நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது. அதற்காகவே நடக்கலாம். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்க வேண்டாம்.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது? நான் அக்காவுக்குச் சொன்னது, எதையும் நம்பாதே, ஆடி மாதம் முழுக்க எப்போதும்போல் சாப்பிடு, எழுதி வை, காலையில் எழுந்ததும் எடை பார் என்பதுதான். ஒரு மாதம் சாப்பிட்டதன் சராசரி ஒரு பக்கம், எடை இன்னொரு பக்கம். எடை அசையாமல் இருந்தால், சாப்பிட்ட அளவும் செலவான அளவும் ஒன்று என்று அர்த்தம். வாய்பாடு தேவையில்லை, இத்தாலியப் போலீஸ்காரர் தேவையில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நாம் எழுதும் கணக்கு தப்பாகத்தான் இருக்கும். 1992-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு: எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அளந்தபோது, அவர்கள் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தைக் குறைத்து எழுதியிருந்தார்கள், உழைப்பை 51 சதவீதம் கூட்டியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, தெரியாமல் விட்டுப்போனது. ஆனால் தவறு தினமும் ஒரே மாதிரித் தவறாக இருந்தால் பாதகமில்லை. ஐம்பது கிராம் குறைத்துக் காட்டும் தராசு கடையில் கெடுதல். வீட்டில் அதே தராசில் போன மாதமும் நிறுத்து இந்த மாதமும் நிறுத்தால் வித்தியாசம் சரியாகவே வரும். ஆடி மாதம் அக்கா எழுதியதன் சராசரி 1,750. அது உண்மையில் 1,900-ஆகக்கூட இருக்கலாம். கவலையில்லை. அவள் கையெழுத்தில் 1,750 என்றால் எடை நிற்கிறது. அதே கையெழுத்தில் 1,400 என்று வந்தால் இறங்கும்.

பெண்களுக்கு ஒரு மாதம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மாதவிடாய்ச் சுழற்சியில் உடம்பில் தண்ணீர் ஏறி இறங்கும். ஒன்றிரண்டு கிலோ அதிலேயே ஆடிவிடும். செவ்வாய்க்கிழமை எடையைப் புதன்கிழமை எடையோடு ஒப்பிடுவது வீண். வார சராசரியை, சுழற்சியின் அதே கட்டத்தில் இருந்த போன மாத வாரத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது என்று சந்தோஷப்படுவதும் இப்படித்தான். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். சோறு குறைந்ததும் முதலில் வெளியேறுவது அந்தத் தண்ணீர்.

சரி, எழுதுவது எப்படி? இங்கேதான் நம் அடுப்படி செயலிக்கு அடங்காது. சாதத்தை வெந்த பிறகு அளந்தால் கணக்கு ஓடிவிடும். தண்ணீரைப் பொறுத்து இரண்டரை மடங்கோ மூன்று மடங்கோ ஆகும். வடித்ததும் குக்கரில் வைத்ததும் ஒன்றல்ல. அரிசியாகவே நிறுக்க வேண்டும். நூறு கிராம் அரிசிக்குச் சுமார் 350 கலோரி. வீட்டுக்கு நானூறு கிராம் போட்டால் அதில் எனக்குக் கால்பங்கா, மூன்றில் ஒரு பங்கா என்று பார்த்தால் முடிந்தது.

எண்ணெய்தான் திருடன். அக்கா நோட்டில் 'தோசை 2, எண்ணெய் அரை ஸ்பூன்' என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது எண்ணெய்க் கிண்ணத்தைத் தராசில் வைத்தோம். 212 கிராம். ஆறு தோசை சுட்டு முடித்த பிறகு மறுபடி வைத்தோம். 176. ஒரு தோசைக்கு ஆறு கிராம், 54 கலோரி, மாவு தனி. அரை ஸ்பூன் என்று எழுதியது இருபது கலோரிக்கு. உள்ளே போனது 108. அவள் கொஞ்ச நேரம் தராசையே பார்த்துவிட்டு, "கல்லு சரியில்லடா, ஒட்டுது" என்றாள்.

தினமும் கிண்ணத்தை நிறுக்க முடியாது. அதற்கு ஒரு குறுக்குவழி: மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம் என்று பார்ப்பது. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 8,200 கலோரி. நாலு பேர் வீட்டுக்கு மாதம் நாலு லிட்டர் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 270-ஐத் தாண்டும். மூன்று லிட்டராக்கினால் 205. பாக்கெட்டை எண்ணினால் போதும், ஸ்பூன் வேண்டாம். இதே மாதிரிதான் பால். கொழுப்புக் குறையட்டும் என்று ஆவின் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுகிறோம்; நூறு மில்லிக்கு மிச்சமாவது பத்துப் பதினைந்து கலோரி. அதே டம்ளரில் விழும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை நாற்பது. ஒரு நாளைக்கு மூன்று காபி குடிக்கிற வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு குறைக்கலாம் என்பதில் பழைய கணக்கு ஒன்று ஆளை ஏமாற்றும். 1958-ல் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று எழுதினார். மேலே சொன்ன 7,700-ம் அதன் கிலோ வடிவம்தான். முதல் சில வாரங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். அதையே வருஷம் முழுக்க நீட்டினால், நாளைக்கு 350 குறைத்தால் 16 கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும். இறங்காது. உடம்பு சின்னதாக ஆக அதன் செலவும் குறையும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2011-ல் காட்டிய கணக்கு, நாளைக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும், அதில் பாதிதான் முதல் வருஷத்தில் என்றது. 350-க்கு அது வருஷத்தில் ஏழு கிலோவை ஒட்டி வரும். எட்டாவது மாதத்தில் முள் நின்றுபோனால் உடம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல, கணக்கைத் திரும்பப் போட வேண்டிய நேரம்.

ஒரேயடியாக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு அரைப் பட்டினி போட்டார். 3,200 கலோரி சாப்பிட்டவர்களுக்கு 24 வாரம் சராசரி 1,570. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை வேறு. எடையில் கால்பங்கு போனது. சும்மா இருக்கும்போது எரிப்பது சுமார் 40 சதவீதம் சரிந்தது. வெயிலிலும் குளிர்ந்தது, கால் வீங்கியது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்களாம். அவர்கள் ஒல்லியான ஆண்கள், நாம் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கிறவர்கள் என்ற வித்தியாசம் உண்டு. ஆனாலும் 1,570-ஐப் பட்டினி என்று அழைத்த இடத்தில் 1,200-ஐ இயல்பு என்று ஒரு செயலி சொல்கிறது.

எண்ணூறுக்கும் கீழே போகும் முறைகள் உண்டு, டாக்டர் மேற்பார்வையில். பித்தப்பைக் கல் போன்ற தொல்லை வரும் என்பதால் தானாகச் செய்யக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். மருந்து அதே அளவிலிருந்து சோறு குறைந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கே கிடையாது.

ஆவணியில் அக்கா 1,400-ல் தொடங்கினாள். தட்டில் முதலில் போனது சோறு. அதில் தப்பில்லை, ஆனால் சோறு போன இடத்தில் ரசமும் அப்பளமும் வந்து உட்கார்ந்தது. புரதம் இல்லாமல் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், தசை போனால் செலவு இன்னும் இறங்கும். நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று சொன்னேன். அவளுக்கு 72. இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீனில் இருபதை ஒட்டி, ஒரு கிண்ணம் சுண்டலில் எட்டோ ஒன்பதோ. கூட்டிக்கொண்டே வந்தவள் புரட்டாசி பிறந்ததும் நிறுத்தினாள். முட்டை, மீன் இரண்டும் வீட்டுக்குள் வராது. அந்த மாதம் சுண்டலும் பனீரும் கெட்டிப் பருப்புமாக ஓட்டினாள், 72-ஐ எட்டவில்லை, 55-ஐ ஒட்டி நின்றது. போதும் என்று விட்டுவிட்டோம்.

எட்டு வாரத்தில் 72.0-லிருந்து 69.8. வாரத்துக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. செயலியிடம் கேட்ட ஒரு கிலோவில் பாதிகூட இல்லை. பக்கத்து நாற்காலிப் பெண் 1,200-ஐ மூன்று வாரம் பிடித்துவிட்டு, நாலாவது வாரம் செயலியை அழித்துவிட்டாளாம்.

அடுப்படிச் சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டரில்தான் அக்கா எடையை எழுதுகிறாள், பால் கணக்குக்கு மேலே, பென்சிலில். ஐப்பசி பார்த்தேன். தீபாவளி வாரத்தில் நாலு கட்டம் காலி. ஐந்தாவது கட்டத்தில் 71.1. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'முறுக்கு உப்பு, தண்ணி' என்று போட்டு, ஒரு கேள்விக்குறி. அடுத்த திங்களில் 70.2 இருந்தது, கேள்விக்குறியை அழித்திருந்தாள்.